தொண்ணூறும் பத்தும்: அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளர்கள்

அமெரிக்காவின் தென்பகுதியில் பிளாக் வாரியர் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் டஸ்கலூசா. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அங்குள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கிலோ 1,00,077 இருக்கைகள். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஊரையே அழைத்துவந்து உட்கார வைத்தாலும் இடம் மிஞ்சும். அரங்கின் வடக்கு வாசலில் ஐந்து வெண்கலச் சிலைகள் நிற்கின்றன: வாலஸ் வேட், ஃபிராங்க் தாமஸ், பால் பிரையன்ட், ஜீன் ஸ்டாலிங்ஸ், நிக் சேபன். ஐவரும் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள். தேசிய சாம்பியன் பட்டம் வென்று கொடுத்தவர்கள்.

இங்கே பேசப்படுவது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், பக்கத்துக்குப் பதினொரு பேர், நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும். விதிகள் இந்தக் கட்டுரைக்கு இதற்குமேல் தேவையில்லை. அரங்கின் பெயர்தான் தேவை. 1929இல் திறந்தபோது அதன் பெயர் டென்னி அரங்கம்; பல்கலைக்கழகத் தலைவர் ஜார்ஜ் டென்னியின் பெயர். 1975இல் அது பிரையன்ட்-டென்னி அரங்கம் ஆனது. பயிற்சியாளரின் பெயர் முன்னால் வந்தது. தலைவரின் பெயர் பின்னால் போனது. 2024இல் உள்ளே இருக்கும் களத்துக்குச் சேபன் களம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு கல்வி நிறுவனம் தன் மரியாதையை யாருக்கு, எந்த வரிசையில் தருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

டென்னியைப் பற்றி அலபாமாவில் இன்றும் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. 1930இல் புதிய பயிற்சியாளராக ஃபிராங்க் தாமஸை ஒப்பந்தம் செய்த கையோடு டென்னி அவரிடம் ஒரு கணக்குச் சொன்னாராம். வெற்றியில் தொண்ணூறு பங்கு கிடைக்கும் ஆட்களால் வருவது, பத்துப் பங்குதான் பயிற்சியாளரின் திறமை. அந்தத் தொண்ணூறை நாங்கள் தந்துவிடுவோம், மீதிப் பத்துக்கு நீங்கள் கறாராகக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். தாமஸுக்கு அது சுருக்கென்று தைத்ததாம். ஆனால் நூற்றாண்டுக்கும் மேலான அலபாமா வரலாற்றைப் புரட்டினால் டென்னி பெரிதும் சரியாகவே சொல்லியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. சிலையாக நிற்பவர்கள் உத்தியில் மேதைகள்தான். அதற்கும் மேலாக அந்தத் தொண்ணூறைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். கொண்டுவர முடியாதவர்கள் போன இடம் தெரியவில்லை.

அணி தொடங்கியது 1892இல். முதல் முப்பது ஆண்டுகளில் பயிற்சியாளர்கள் சில ஆண்டு இருந்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். மாநிலத்துக்குள்ளேயே பகையாளியான ஆபர்னோடு 1907இல் ஆட்டம் சமனில் முடிந்த பிறகு பணம், நடுவர் என்று சில்லறைச் சண்டை மூண்டு, 1948 வரை இரண்டு கல்லூரிகளும் மோதவே இல்லை. 1919இல் வந்த செனஃபன் ஸ்காட் அடிப்படையில் ஒரு பத்திரிகையாளர்; குதிரைப் பந்தயம் பற்றி எழுதியவர். 1922இல் பிலடெல்பியாவுக்கே போய் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 9-7 என்று தோற்கடித்தார். வடக்கே அலபாமாவின் பெயர் முதன்முதலாக அடிபட்டது அப்போதுதான். நோய் காரணமாக அவர் விலக, 1923இல் வாலஸ் வேட் வந்தார்.

டென்னிக்கு ஆட்டத்தில் ஆசை மட்டும் இல்லை, ஒரு திட்டமும் இருந்தது. ஏழைத் தென்மாநிலம் ஒன்றின் சிறிய கல்லூரியைப் பெரிதாக்க வெளிமாநில மாணவர்களும் அவர்கள் கட்டும் கட்டணமும் வேண்டும். அதற்குப் பெயர் பரவ வேண்டும். பெயரைப் பரப்பக் கால்பந்தைவிட மலிவான வழி அன்று இல்லை. வேட் அதைச் செய்து கொடுத்தார். 1926 ஜனவரி 1 அன்று கலிபோர்னியாவின் பாசடினாவில் ரோஸ் பவுல் எனும் பருவ இறுதி ஆட்டம். முதல் பாதி முடிவில் வாஷிங்டன் 12, அலபாமா 0. மூன்றாம் கால்பகுதியில் ஏழு நிமிடத்துக்குள் அலபாமா இருபது புள்ளிகளைக் குவித்தது. இறுதியில் 20-19. அந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்து ஓடிய ஜானி மேக் பிரவுன் பிற்பாடு ஹாலிவுட்டில் கௌபாய் நடிகரானார். உள்நாட்டுப் போரில் தோற்ற ஏக்கம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தீராத தென்பகுதி, இந்த ஒரு புள்ளி வெற்றியைத் தன் வெற்றியாகவே கொண்டாடியது. திரும்பி வந்த ரயிலை நிலையத்துக்கு நிலையம் கூட்டம் கூடி வரவேற்றது. அலபாமாவில் பயிற்சியாளரின் நாற்காலி அரசியல் கனம் பெற்றது அன்றுதான்.

வேட் எட்டு ஆண்டுகளில் 61 வெற்றி, 13 தோல்வி, 3 சமன். நடுவில் சில ஆண்டுகள் சுமாராகப் போக, விமர்சனம் கிளம்பியது. 1930இல் அந்தப் பருவம் முடிந்ததும் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்தார். அறிவித்துவிட்டு அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மூன்றாவது பட்டத்தையும் வென்று கொடுத்துவிட்டுப் போனார். முகத்தில் அடித்தாற்போன்ற விடைபெறல்.

தாமஸ் நோட்ர டேமில் புகழ்பெற்ற நூட் ராக்னியிடம் ஆடிப் பழகியவர். 115 வெற்றி, 24 தோல்வி, 7 சமன். டென்னி சொன்ன தொண்ணூறை அவருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்று பார்த்தால், சிலை இல்லாத ஒருவர் வருகிறார்: உதவிப் பயிற்சியாளர் ஹாங்க் கிரிஸ்ப். இளமையிலேயே விபத்தில் ஒரு கையை இழந்தவர். காரை எடுத்துக்கொண்டு அர்க்கன்சா மாநிலத்துச் சிற்றூர்களில் திரிந்து பையன்களைத் தேடுவார். 1931இல் ஃபோர்டைஸ் என்ற ஊரிலிருந்து நெட்டையான ஒரு பையனை ஏற்றிக்கொண்டு வந்தார். பையன் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களையே முடித்திருக்கவில்லை. அதனால் டஸ்கலூசா உயர்நிலைப் பள்ளியில் மறுபடியும் உட்கார வைத்து, பாடம் முடித்த பிறகு கல்லூரியில் சேர்த்தார்கள். ஊர்க் கொட்டகையில் பணத்துக்காகக் கரடியோடு மல்லுக்கட்டியதால் அவனுக்குக் கரடி என்றே பட்டப்பெயர். அவன்தான் பால் பிரையன்ட். அதே அர்க்கன்சாவிலிருந்து வந்த டான் ஹட்சன் 1935 ரோஸ் பவுலில் ஸ்டான்ஃபோர்டைக் கலங்கடித்தபோது, களத்தின் மறுமுனையில் அதே இடத்தில் ஆடியவர் பிரையன்ட். புகழெல்லாம் ஹட்சனுக்குப் போனது. பிரையன்ட் தன்னை மற்றொரு முனைக்காரன் என்று கேலியாகச் சொல்லிக்கொள்வார்.

இரத்தக் கொதிப்பு முற்றி நிற்க முடியாமல் போனபோது, 1946இல் தாமஸ் வண்டியொன்றில் அமர்ந்து ஒலிபெருக்கி வழியாகப் பயிற்சி நடத்தினார். அடுத்து வந்த ரெட் டிரூ நன்றாகவே செய்தார். 1953 ஆரஞ்சு பவுலில் சிரக்யூஸை 61-6 என்று துவைத்தெடுத்தார். பிறகுதான் டென்னியின் கணக்கைச் சோதித்துப் பார்ப்பதுபோல ஒரு காலம் வந்தது.

1955இல் ஜே. பி. விட்வொர்த் பொறுப்பேற்றார். முதல் ஆண்டு பத்து ஆட்டம், பத்தும் தோல்வி. மூன்று ஆண்டுகளில் 4 வெற்றி, 24 தோல்வி, 2 சமன். ஆள் இல்லாமலா? அந்த 1955 அணியில் பார்ட் ஸ்டார் என்ற இறுதியாண்டு மாணவர் இருந்தார். முதுகுவலி ஒருபுறம், இளையவர்களை வளர்க்கலாம் என்ற பயிற்சியாளரின் எண்ணம் மறுபுறம். பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது பதினேழாவது சுற்று வரை அவரை யாரும் சீண்டவில்லை. பிறகு கிரீன் பே அணிக்கு ஐந்து சாம்பியன் பட்டங்களை வென்று கொடுத்தார்; முதல் இரண்டு சூப்பர் பவுல்களிலும் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். ஆளை வைத்துக்கொண்டே ஆளைத் தெரியாமல் போன கதை இது. டென்னியின் பத்துப் பங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு விட்வொர்த்தைக் காட்டலாம்.

1958இல் பிரையன்ட் திரும்பி வந்தார். மேரிலாந்து, கென்டக்கி, டெக்சஸ் ஏ அண்ட் எம் என்று மூன்று இடங்களில் பேர் வாங்கியிருந்தார். 1954இல் டெக்சஸின் ஜங்ஷன் என்ற ஊரில் வறட்சிக் காலத்து வெயிலில் அவர் நடத்திய முகாமிலிருந்து வீரர்கள் இரவோடிரவாக ஓடிப்போனார்கள். தண்ணீர்கூடச் சரியாகக் கொடுக்காத அந்தக் கொடுமையைக் காவியமாக்கி எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் பெருமைப்பட எதுவும் தெரியவில்லை. ஒருவர் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். அலபாமாவிலும் முதல் மாதங்களில் பலர் விட்டு ஓடினார்கள். மிஞ்சியவர்களை வைத்து முதல் ஆண்டிலேயே ஐந்து ஆட்டங்களை வென்றார். விட்வொர்த் மூன்று ஆண்டுகளில் வென்றது நான்கு.

இருபத்தைந்து ஆண்டுகளில் 232 வெற்றி, 46 தோல்வி, 9 சமன். 1961, 1964, 1965, 1973, 1978, 1979 என ஆறு பட்டங்கள். பயிற்சித் திடலில் இரும்புக் கோபுரம் ஒன்றின் மேல் நின்று பார்ப்பார். கீழே உதவியாளர்கள் நடத்துவார்கள். பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறை இயக்குநரும் அவரேதான். அதாவது அவருக்கு மேலதிகாரி அவரே. அன்று ஒரு கல்லூரி எத்தனை பேருக்கு உதவித்தொகை தரலாம் என்பதற்குத் தேசிய அளவில் உச்சவரம்பும் கிடையாது. தனக்குத் தேவையில்லாத பையனைக்கூட எதிரிக்குப் போகாதபடி சேர்த்து உட்கார வைக்கலாம். 1973இல்தான் 105 என்று முதல் வரம்பு வந்தது, 1978இல் 95, 1990களின் நடுவில் 85. டென்னி வாக்களித்த தொண்ணூறு பிரையன்ட் காலத்தில் நூறாகவே இருந்தது என்று சொல்லலாம், ஒரு பெரிய ஓட்டையைத் தவிர்த்து.

அந்த ஓட்டை அவராகப் போட்டதல்ல. ஆனால் நீண்ட நாள் அடைக்காமல் விட்டார். அலபாமா அணியில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. 1963 ஜூன் 11 அன்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் என்ற இரு கறுப்பின மாணவர்கள் சேர வந்தபோது ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் கல்லூரி வாசலை மறித்து நின்றார். அதே வளாகத்தில், அதற்கு முந்தைய பருவம்வரை தோல்வியையே அரிதாகக் கண்ட அணியின் பயிற்சியாளராக பிரையன்ட் இருந்தார். வாலஸுக்கு நிகராக அலபாமாவில் வெள்ளையர் காது கொடுத்துக் கேட்கும் குரல் ஒன்று இருந்ததென்றால் அது அவருடையது. அந்தக் குரல் எழவில்லை.

இதன் விலை களத்திலேயே தெரிந்தது. 1966இல் அலபாமா ஆடிய பதினொரு ஆட்டங்களிலும் வென்றது. பட்டம் கிடைக்கவில்லை, வாக்கெடுப்புத் தரவரிசையில் மூன்றாம் இடம். ஒன்றோடொன்று மோதி 10-10 என்று சமன் செய்த நோட்ர டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் முன்னால் நின்றன. மிச்சிகன் ஸ்டேட்டின் தூண்களான பப்பா ஸ்மித்தும் ஜார்ஜ் வெப்ஸ்டரும் எங்கிருந்து வந்தவர்கள்? ஒருவர் டெக்சஸ், மற்றவர் தென் கரோலினா. தென்பகுதியின் கல்லூரிகள் சேர்க்க மறுத்த கறுப்பினப் பையன்கள் ஆயிரம் மைல் தள்ளிப் பனிப்பிரதேசத்தில் போய் ஆடினார்கள். தொண்ணூறில் ஒரு பெரும்பகுதியை அலபாமா தானே வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

1967 வசந்தகாலப் பயிற்சிக்கு ஐந்து கறுப்பின மாணவர்கள் உதவித்தொகை கேட்காமல் வந்து நின்றார்கள். அவர்களில் யாரும் பருவ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. அதே ஆண்டு கென்டக்கியும் அடுத்த ஆண்டு டென்னசியும் கறுப்பின வீரர்களைக் களமிறக்கின. 1969இல் கறுப்பின மாணவர் சங்கம் பிரையன்டின் பெயரையும் சேர்த்து மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கை நடத்தியவர் யு. டபிள்யு. கிளெமன் என்ற இளம் வழக்கறிஞர். பிற்பாடு அலபாமாவின் முதல் கறுப்பின மத்திய நீதிபதி. அந்த ஆண்டின் இறுதியில் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரர் உதவித்தொகையுடன் சேர்க்கப்பட்டார்.

இந்த வரிசையைக் குறித்துவைத்துக்கொண்டு, அமெரிக்காவில் ஆயிரம் முறை சொல்லப்பட்ட ஒரு கதையைக் கேளுங்கள். 1970 செப்டம்பர் 12, பர்மிங்காம். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி அலபாமாவை 42-21 என்று நொறுக்கியது. சாம் கன்னிங்காம் என்ற கறுப்பின வீரர் 135 கெஜம் ஓடினார். ஆட்டம் முடிந்ததும் பிரையன்ட் அவரைத் தன் வீரர்களின் உடைமாற்று அறைக்கு அழைத்துப்போய் இவர்தான் கால்பந்து வீரர் என்று காட்டினாராம். அன்றே தென்பகுதி மாறியதாம். அப்படி நடந்ததற்கு நம்பத்தக்க சாட்சியம் இல்லை. ஜாக்சன் அதற்கு முன்பே அலபாமாவில் சேர்ந்துவிட்டார். முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆடக் கூடாது என்ற விதியால்தான் அன்று களத்தில் இல்லை. இந்தக் கதை யாருக்கு வசதி என்று யோசித்தால் அதன் ஆயுள் ஏன் நீள்கிறது என்று புரியும். வழக்குப் போட்ட மாணவர்கள் மறைந்துபோகிறார்கள். தாமதித்த பயிற்சியாளர் சீர்திருத்தவாதி ஆகிறார்.

மாறிய பிறகு பிரையன்ட் வேகமாகவே மாறினார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அலபாமாவின் மொபைல் நகரத்துப் பையன் ஜான் மிட்செல், சொந்த மாநிலத்தில் கதவு மூடியிருந்ததால் அரிசோனாவில் ஒரு சிறு கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தார். அவரைத் தாங்கள் எடுக்கப்போவதாகத் தென் கலிபோர்னியாவின் பயிற்சியாளர் ஜான் மெக்கே பேச்சுவாக்கில் பிரையன்டிடமே சொல்லிவிட்டார். பிரையன்ட் உடனே தொலைபேசியைத் தேடிப் போனார். மிட்செல் அலபாமாவுக்கு வந்தார். 1971 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் அதே எதிரியோடு ஆட்டம். கோடை முழுக்க ரகசியமாகப் பழகிய விஷ்போன் என்ற புதிய வியூகத்துடன் அலபாமா 17-10 என்று வென்றது. தொடக்க உதையிலேயே எதிராளியைப் பிடித்துச் சாய்த்தவர் மிட்செல். 1973இல் பிரையன்டின் உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவராகவும் ஆனார்.

1982 டிசம்பர் 29 அன்று கடைசி ஆட்டத்தை வென்ற பிரையன்ட், 28 நாளில் இறந்துபோனார். டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்காம் கல்லறைத் தோட்டம் வரை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மக்கள் நின்றார்கள். அடுத்த கால் நூற்றாண்டு, அந்த இடத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவரையும் அவரோடு ஒப்பிட்டே பார்த்தார்கள்.

பிரையன்டிடம் ஆடிய ரே பெர்கின்ஸ் வந்ததும் அந்தக் கோபுரத்தை இறக்கச் சொன்னார். 1984இல் 5 வெற்றி, 6 தோல்வி என்று முடிந்தபோது, 1957க்குப் பிறகு வந்த முதல் நஷ்டக் கணக்கு என்பதைவிடக் கோபுரத்தை இறக்கிய பாவம் என்று பேசியவர்களே அதிகம். அடுத்து வந்த பில் கரி வெளியாள். ஜார்ஜியா டெக்கிலிருந்து வந்தவர். 1988இல் ஓர் ஆட்டம் தோற்றதும் அவர் அலுவலக ஜன்னலில் செங்கல் வந்து விழுந்தது. அடுத்த ஆண்டு பத்து ஆட்டங்களை வரிசையாக வென்றார். பதினொன்றாவதாக ஆபர்னிடம் தோற்றார். மூன்று ஆண்டில் ஆபர்னிடம் மூன்று தோல்வி. சம்பளத்தை உயர்த்தாமல், உதவியாளர்களை நியமிக்கும் உரிமையில் கைவைக்கும் ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்கள். 26 வெற்றி, 10 தோல்வி என்ற நல்ல கணக்குடன் அவர் கென்டக்கிக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்த ஸ்டாலிங்ஸ் ஜங்ஷன் முகாமில் தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவர். 1968 ஜனவரியில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பயிற்சியாளராகத் தன் குருவையே 20-16 என்று தோற்கடித்தபோது, பிரையன்ட் ஓடிவந்து அவரை இடுப்போடு கட்டித் தூக்கினார். அந்தப் புகைப்படமே அலபாமாவில் அவருக்கு நற்சான்றிதழாக இருந்தது. 1992 அணி பட்டம் வென்றது. 1993 ஜனவரி 1 அன்று மயாமியை 34-13 என்று வென்ற ஆட்டத்தில் ஜார்ஜ் டீக் எதிரியின் பந்தை மறித்துப் பிடித்து ஓடிப் புள்ளி எடுத்தார். இன்னொரு முறை, தன்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தவனைத் துரத்திப் போய்ப் பின்னாலிருந்தே பந்தைப் பறித்தார். அந்த டீக், கரியின் காலத்தில் வந்து சேர்ந்தவர். சிலை ஸ்டாலிங்ஸுக்கு, கரிக்கு எதுவும் இல்லை.

பிறகு வந்த பத்தாண்டு, தொண்ணூறைக் குறுக்குவழியில் தேடியவர்களின் காலம். மெம்பிஸைச் சேர்ந்த ஒரு பள்ளி வீரரை அலபாமாவுக்கு அனுப்புவதற்காக, அவருடைய பள்ளிப் பயிற்சியாளருக்குப் பணக்கார ரசிகர் ஒருவர் பெருந்தொகை கொடுத்தது அம்பலமானது. 2002இல் கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பான என்சிஏஏ ஐந்தாண்டுக் கண்காணிப்பு, இரண்டாண்டு பருவ இறுதி ஆட்டத் தடை, 21 உதவித்தொகைகள் குறைப்பு என்று தண்டித்தது. தண்டனையைச் சுமக்க விரும்பாத அன்றைய பயிற்சியாளர் டென்னிஸ் ஃபிரான்கியோன் டெக்சஸுக்குப் போனார். அடுத்து வந்த மைக் பிரைஸ், தனிப்பட்ட நடத்தை காரணமாக ஓர் ஆட்டத்தைக்கூட நடத்தாமலே 2003 மே மாதம் நீக்கப்பட்டார். பிறகு மைக் ஷூலா. பாதி வெற்றி, பாதி தோல்வி. 2006 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ரிச் ராட்ரிகஸுக்கு அழைப்பு போனது. அவர் வரமாட்டேன் என்றார். பிரையன்டின் நாற்காலியை நீட்டினால் ஒருவர் வேண்டாம் என்கிறார். அலபாமாக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை.

2007 ஜனவரி 3 அன்று நிக் சேபன் வந்து இறங்கினார். இரண்டு வாரத்துக்கு முன்புதான், அலபாமாவுக்குப் போகமாட்டேன் என்று, தான் அப்போது தொழில்முறை அணியின் பயிற்சியாளராக இருந்த மயாமியில் பத்திரிகையாளர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தார். எட்டு ஆண்டு, 3.2 கோடி டாலர். அந்த வசந்தத்தில் தங்களுக்குள்ளேயே ஆடிய பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க 92,000 பேர் வந்தார்கள். முதல் ஆண்டு லூசியானா-மன்ரோ என்ற சிறு கல்லூரியிடம்கூடத் தோற்றார். ஆனால் 2008 பிப்ரவரியில் அவர் சேர்த்த மாணவர் பட்டியல்தான் அடுத்த பதினாறு ஆண்டுகளின் விதை. ஜூலியோ ஜோன்ஸ் அலபாமாக்காரர். மார்க் இன்கிராம் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்தவர். தந்தை மிச்சிகன் ஸ்டேட்டில் ஆடியவர். 1966இல் தெற்கின் பையன்கள் மிச்சிகனுக்குப் போனார்கள். 2008இல் மிச்சிகன் பையன் தெற்கே வந்தார். அடுத்த ஆண்டே, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதன்முறையாக அலபாமாவுக்கு வாங்கிக் கொடுத்தார்.

சேபனின் வழிமுறையைப் பற்றிப் புத்தகங்களே வந்திருக்கின்றன. மிச்சிகன் ஸ்டேட்டில் இருந்தபோது லயனல் ரோசன் என்ற மனநல மருத்துவரின் யோசனையால் பிறந்தது அது: புள்ளிப் பலகையைப் பார்க்காதே, இந்த ஒரு முயற்சியை மட்டும் சரியாகச் செய். நல்ல யோசனைதான். ஆனால் அதை எந்தக் கல்லூரியும் நகலெடுக்கலாம்; பலர் எடுத்தும் பார்த்தார்கள். நகலெடுக்க முடியாதது அவருடைய ஆள்சேர்ப்பு. நாட்டின் சிறந்த பள்ளி வீரர்களில் பெரும்பங்கு ஆண்டுக்காண்டு டஸ்கலூசாவுக்கே வந்தது. 85 என்ற வரம்புக்கு மேல் ஆளைச் சேர்த்துவிட்டு, மிஞ்சுபவர்களை மருத்துவக் காரணம் காட்டி ஒதுக்குகிறார்கள் என்ற புகாரும் எழுந்தது. 2011இல் தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பு, ஆண்டுக்கு 25 பேர்தான் என்று கடிவாளம் போட்டது. அதன் பிறகும் ஐந்து பட்டங்கள். மொத்தம் ஆறு, களத்தில் 206 வெற்றி, 29 தோல்வி. டென்னியின் பழைய வியாபாரக் கணக்கும் பலித்தது: சேபன் காலத்தில் மாணவர் தொகை எகிறியது, பாதிக்கும் மேல் வெளிமாநிலத்தவர் ஆனார்கள். சேபனின் கடைசிச் சம்பளம் ஆண்டுக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டியது. மாநில ஆளுநரின் சம்பளம் ஒன்றரை லட்சம் டாலரை எட்டாது. களத்தில் அடிபட்ட பையன்களுக்கு விதிப்படி உதவித்தொகையோடு சரி.

அந்த விதி 2021 ஜூலையில் உடைந்தது. தங்கள் பெயரையும் புகழையும் விற்று வீரர்கள் பணம் ஈட்டலாம் என்றானது. கல்லூரி மாறுவதற்கு இருந்த தடையும் தளர்ந்தது. 2022இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் வீரர்கள் அனைவரையும் விலைக்கு வாங்கியதாகச் சேபன் மேடையிலேயே சொல்ல, அங்கே பயிற்சியாளராக இருந்த அவருடைய பழைய உதவியாளர் ஜிம்போ ஃபிஷர் பதிலுக்குச் சீறினார். 2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வை அறிவித்தார். இரண்டு மாதம் கழித்து வாஷிங்டனில் செனட்டர்கள் முன்னால் அமர்ந்து, தான் ஐம்பது ஆண்டுகளாக நம்பியவை இனிக் கல்லூரி விளையாட்டில் இல்லை என்றார். ஐம்பது ஆண்டுகளாக அந்த ஏற்பாட்டால் அதிகம் லாபம் அடைந்தவர்களில் ஒருவர் சொல்லும்போது, அந்த வருத்தத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டியிருக்கிறது.

பயிற்சியாளர் விலகினால் முப்பது நாளுக்குள் வீரர்கள் வேறு கல்லூரிக்குப் போகலாம் என்பது அன்றைய விதி. சேபனின் அறிவிப்புக்குப் பின் அடுத்தடுத்துப் பலர் கிளம்பினார்கள். முதலாண்டிலேயே நாட்டின் கவனத்தை ஈர்த்திருந்த கேலப் டவுன்ஸ் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போனார். மறு ஆண்டு ஒஹையோ ஸ்டேட் தேசிய பட்டம் வென்றது. பதினேழு ஆண்டு சேர்த்ததில் ஒரு பகுதி சில வாரங்களில் கரைந்தது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கேலன் டிபோயர் இரண்டே நாளில் நியமிக்கப்பட்டார். முதல் பருவத்தில் ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி. அதில் ஒரு தோல்வி, 1984க்குப் பிறகு அலபாமாவை வெல்லாத வேண்டர்பில்டிடம், 40-35. வேறு எந்த ஊரிலும் ஒன்பது வெற்றிக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். டஸ்கலூசாவில் வேலை போகுமா என்று பேசத் தொடங்கினார்கள். அவர் வந்தபோது ஆள்சேர்ப்புக்கென்றே கோர்ட்னி மார்கனையும் அழைத்துவந்து பொது மேலாளர் என்று தனிப் பதவி கொடுத்தார். 2025 ஜூனில் நீதிமன்ற உடன்பாடு ஒன்றின் மூலம் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றானது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். தொண்ணூறுக்கு இப்போது விலைச்சீட்டு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளத் தனி அதிகாரியும் உண்டு. பிரையன்டுக்கும் சேபனுக்கும் இருந்த பிடி இனி எந்தப் பயிற்சியாளருக்கும் அமையாது. டிபோயரையும் அவருக்குப் பின் வருபவர்களையும் அந்த இருவரின் கணக்கோடு ஒப்பிடுவது நியாயமில்லை. பத்துப் பங்குக்கு மட்டும் அவர்களிடம் கணக்குக் கேட்பதே முறை.